கறியை நிறுத்தவும் மனசில்லை, உறுத்தலும் போகவில்லையா?

ஞாயிற்றுக்கிழமை காலை சிங்கப்பூர் தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சிக்கு வரிசையில் நின்றுகொண்டே, 'நாம் செய்வது சரிதானா' என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முழுச் சைவமாக மாறிவிட்டவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை, உறுத்தலே இல்லாதவர்களுக்கும் இல்லை. நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறதே, அதில் நானும் ஒருவன்.

முதலில் எதையும் நிறுத்த வேண்டாம். ஒரு வாரத்துக்கு, கறி சாப்பிடும் ஒவ்வொரு வேளையையும் கைப்பேசியில் குறித்து வையுங்கள். நான் எழுதியபோது 14 வேளை வந்தது. அதில் ருசித்துச் சாப்பிட்டதாக ஞாபகம் இருந்தது மூன்றுதான்: ஞாயிறு மட்டன் குழம்பு, நண்பன் வாங்கிக்கொடுத்த பிரியாணி, அம்மா வறுத்த மீன். மீதி எல்லாம் மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸில் கிடந்த நாலு கோழித் துண்டு, அலுவலகத்துக்குக் கீழே காப்பிக்கடையில் கை காட்டி வாங்கிய ஏதோ ஒன்று, பிள்ளை மிச்சம் வைத்த நக்கெட். ஞாபகத்திலேயே தங்காத இந்தக் கறிக்கும் ஒரு உயிர் போயிருக்கிறது. அங்கிருந்துதான் குறைக்க ஆரம்பிக்க வேண்டும். நம்மில் பலர் செய்வது தலைகீழ்: உறுத்தல் வந்ததும் ஞாயிறு மட்டனை நிறுத்திவிட்டு, மூன்றாவது வாரம் தாங்காமல் எல்லாவற்றுக்கும் திரும்பிவிடுகிறோம்.

அடுத்தது தலைக்கணக்கு. கறிக்காக வளர்க்கும் பிராய்லர் கோழியை ஐந்தாறு வாரத்தில் அறுத்துவிடுகிறார்கள். ஒரு கோழி நாலு பேர் வீட்டில் ஒரே குழம்பில் தீர்ந்துவிடும். ஓர் ஆஸ்திரேலிய ஆடு 20 கிலோ அளவுக்காவது தரும், மாடு என்றால் 200 கிலோவுக்கு மேல். உயிர்களை எண்ணினால் கோழி சாப்பிடுகிறவர்தான் அதிக உயிர்களுக்குப் பொறுப்பு. ஆனால் பருவநிலையைப் பார்த்தால் கணக்கு திரும்பிவிடுகிறது: மாடும் ஆடும் தின்றதைச் செரிக்கும்போது பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வருகிறது, கோழிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. 'மாட்டை விட்டுக் கோழிக்கு மாறுங்கள்' என்று சூழல் பேசுகிறவர்கள் சொல்வதைக் கேட்டால் சாகும் உயிர்களின் எண்ணிக்கை கூடும். இரண்டையும் ஒன்றாகத் திருப்திப்படுத்த முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் உயிரின் வேதனையை முன்னால் வைத்தேன், காரணம் ஆடு பெரும்பாலும் புல்வெளியில் மேய்ந்து வளர்கிறது, கொட்டகைக்குள் நெருக்கி வளர்க்கும் பிராய்லர் வெளிச்சூரியனைப் பார்ப்பதே அபூர்வம். அதனால் என் வீட்டில் முதலில் குறைந்தது கோழி. நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம், ஆனால் எதற்காக அப்படி முடிவு செய்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

நம் ஊரில் இந்தக் கேள்வி மறந்துபோவதற்கு ஒரு காரணம் உண்டு. சிங்கப்பூர் சாப்பிடுவதில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி, பொங்கோலில் இருந்த பன்றிப் பண்ணைகளும் 1990 வாக்கில் இல்லாமல் போயின. விலங்கு எங்கோ வளர்கிறது, நம்மிடம் வருவது பொட்டலம். 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது நாம் எல்லாரும் பேசியது சிக்கன் ரைஸ் விலையைப் பற்றி. 2017இல் சின் மிங் அவென்யூ பக்கம் சுற்றித் திரிந்த 24 கோழிகளைச் சத்தத்துக்காகக் கொன்றார்கள் என்று செய்தி வந்தபோது மட்டும் ஊரே கொதித்தது. நானும் வருத்தப்பட்டேன், அன்று மதியம் சாப்பிட்டதும் சிக்கன் ரைஸ்தான். கண்ணில் பட்ட கோழிக்குத்தான் மனசு இளகுகிறது போல.

அதனால் வாங்கும்போது கேளுங்கள். எந்த நாடு, குளிரூட்டியதா உறைந்ததா, கூண்டில் வளர்ந்ததா? தேக்காவில் நான் வாங்கும் பாய் முதலில் சிரித்தார், இப்போது கேட்காமலே சொல்கிறார். 'கம்போங் கோழி' (கம்போங் என்றால் மலாயில் கிராமம்) என்ற பெயரைப் பார்த்து முற்றத்தில் மேய்ந்த கோழி என்று நினைத்துவிடாதீர்கள், அது இனத்தின் பெயராகவும் இருக்கலாம். முட்டைக்கு, கூண்டில்லா முறை என்று அட்டையில் போட்டிருப்பதைப் பாருங்கள். விலை கூடத்தான். நான் 30 முட்டைத் தட்டை விட்டுப் பத்து முட்டைப் பெட்டிக்கு வந்தேன், செலவு ஏறக்குறைய அதேதான். கூண்டு இல்லாவிட்டாலும் முட்டைக்கோழி இனத்தில் சேவல் குஞ்சுகளைப் பெரும்பாலும் பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள், அதையும் தெரிந்துகொண்டே வாங்குகிறேன். பாலிலும் இதே கதைதான், காளைக் கன்றுக்குப் பால் பண்ணையில் வேலை இல்லை. நெய்யும் பனீருமாகச் சாப்பிட்டுக்கொண்டு 'நாங்கள் சுத்த சைவம்' என்று பிறரை இளக்காரமாகப் பார்க்கும் சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லிப்பார்த்திருக்கிறேன், பலன் இல்லை.

ஹலால் என்றாலே கொடுமை என்று வாட்ஸ்அப்பில் வருவதையும் நம்ப வேண்டாம். விலங்கு எப்படி வளர்ந்தது என்பதை அந்த முத்திரையை வைத்துச் சொல்ல முடியாது, முத்திரை இல்லாத கறியிலும் சொல்ல முடியாது. எனக்கென்னவோ, அறுக்கிற ஒரு நிமிடத்தைவிட வளர்க்கிற 40 நாள்தான் பெரிய கேள்வி.

சரி, குறைப்பது எப்படி? நமக்கு விரதம் பழக்கம்தானே. புரட்டாசி முழுக்க, தீமிதிக்கு முன், தைப்பூசத்துக்கு முன் என்று வாரக்கணக்கில் கறி இல்லாமல் இருக்கிற வீடுகள் இங்கே ஏராளம். வெள்ளிக்கிழமை ஏற்கெனவே சைவம் என்றால் செவ்வாயையும் சேருங்கள். (விரதம் முடிந்த மறுநாள் இரண்டு மடங்காகப் பிடித்தால் கணக்கு சமம், அதையும் பார்த்திருக்கிறேன்.) வெளியே சாப்பிட நேர்ந்தால் பல உணவங்காடி நிலையங்களில் சீன சைவக் கடை இருக்கும். வெறும் பீ ஹூனோடு (அரிசி சேமியா) நிறுத்தாமல் தவுகுவா (கெட்டி டோஃபு), தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) கேளுங்கள், இல்லையென்றால் மூன்று மணிக்கே பசிக்கும். வீட்டில் மட்டன் மசாலாவை அப்படியே வைத்துக்கொண்டு மொச்சையோ பலாக்காயோ போடுங்கள். மீல்மேக்கரைக் கறி என்று நினைத்து ஏமாற மட்டும் எனக்கு முடியவில்லை. அடியோடு எல்லாவற்றையும் விடப்போகிறீர்கள் என்றால் வைட்டமின் பி12 பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விலங்கின் உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்த்துச் செய்யும் கறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அதை விற்க உலகிலேயே முதலில் அனுமதித்தது 2020இல் நம் நாடுதான், ஆனால் 2024இல் கடைக்கு வந்த பொட்டலத்தில் அப்படி வளர்த்த கோழி உயிரணுக்கள் 3 சதவீதம்தான், மீதி தாவரம்.

சொந்தக்காரர் வீட்டில் என் விதியை நான் தூக்கிக்கொண்டு போவதில்லை. அத்தை ஆசையாகச் சமைத்ததை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, செத்த கோழி அதனால் எழுந்து வரப்போவதும் இல்லை. ஆனால் நம் வீட்டு விசேஷம் நம் கையில். 40 பேருக்கு 40 பங்கு கோழி சொல்லாதீர்கள், 25 போதும். போன வருடம் பிறந்தநாள் முடிந்து இரண்டு தட்டு நிறைய கோழியைக் குப்பையில் கொட்டினோமே, யாரும் ருசிகூடப் பார்க்காத கறி, அதுதான் இன்றுவரை என்னை அதிகம் உறுத்துகிறது.

ஞாயிறு மட்டன் என் வீட்டில் இன்னமும் உண்டு, ஒரு கிலோ அரைக் கிலோவாகியிருக்கிறது. நாலு உருளைக்கிழங்கு சேர்த்தால் ஆறு பேருக்கு வரும். எலும்பு கொஞ்சம் கூடப் போடச் சொல்லுங்கள், குழம்பின் ருசி அதில்தான் இருக்கிறது.