பழங்கத்தி யாருடையது? பிடியையும் உறையையும் கேளுங்கள்

பழைய கத்தி ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலோர் அலகில் பொறித்த எழுத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். தடம் தவறுவதும் பெரும்பாலும் அங்கேதான். அலகு கடல் கடந்து விற்கப்பட்ட சரக்கு. ஜெர்மனியின் சோலிங்கனில் அடித்த வாள் அலகுகளுக்குச் சூடான் கொல்லர்கள் பிடி போட்டார்கள். ஸ்பெயினின் ‘நவாஹா’ மடக்குக் கத்திகளைப் பிரான்சின் தியேர் நகரப் பட்டறைகளும் செய்து அனுப்பின. ஆகவே அலகின் முத்திரையை இரும்பின் ஊராக மட்டும் குறித்து வைத்துக்கொண்டு, பிடிக்கும் உறைக்கும் செல்லுங்கள்.

உறையில் முதலில் பார்க்க வேண்டியது, அதை உடலில் எங்கே அணிந்தார்கள் என்பது. அகன்ற தோல் வளையத்தோடு, சிலுவை வடிவப் பிடியும் இருந்தால், சஹாராவின் துவாரெக் மக்கள் இடது முன்கையில் அணியும் ‘தெலெக்’ என்று கருதலாம். பின்னிய தோல் வளையமும் கருமரப் பிடியும் கொண்ட சிறு கத்தி, சூடானில் முழங்கைக்கு மேலே கட்டுவது. வளையத்தின் உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: வியர்வை ஏறிக் கறுத்து வழவழப்பாகியிருந்தால் அது ஒருவரின் கையில் வாழ்ந்த கத்தி, தோல் வெளிறி விறைப்பாகவே இருந்தால், பயணிகளுக்கு விற்கச் செய்ததோ என்று ஐயப்படலாம்.

வடிவமே பேசும் கத்திகளும் உண்டு. இலைபோல் அகன்ற அலகும் உருண்டைக் குமிழ்ப் பிடியும் கொண்ட ‘இகுல்’ காங்கோவின் குபா மக்களுடையது. எறிகத்தியை விலக்கி, அமைதியின் அடையாளமாக இதை ஏற்கச் செய்தவர் 17ஆம் நூற்றாண்டு மன்னர் ஷ்யாம் என்பது அவர்களின் வாய்மொழி மரபு. மரத்தாலேயே அலகு செய்த இகுலும் இருப்பதால், வெட்டுத்திறனை வைத்து அதை எடைபோடக் கூடாது.

ஸ்பானியக் கத்தியில் கண்ணைவிடக் காதுக்கு வேலை அதிகம். பழைய நவாஹாவை மெல்லத் திறந்தால், அலகின் அடியில் வெட்டிய பற்கள் பிடியின் வில்லில் (ஸ்பிரிங்கில்) ஒவ்வொன்றாக மாட்டிச் சடசடவென ஒலிக்கும். இந்த அமைப்புக்கு ‘கர்ராக்கா’ என்று பெயர். அல்பசெத்தே நகரம் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள கத்தி அருங்காட்சியகத்தின் படங்களோடு கொம்புப் பிடியையும் பித்தளைப் பட்டைகளையும் ஒப்பிடலாம். கொம்பும் உலோகமும் வளையம் வளையமாக அடுக்கிய பிடி என்றால், ஆப்பிரிக்கக் கரையருகே உள்ள கனேரித் தீவுகளையும் மறவாதீர்கள். வாழைத்தோட்டத் தொழிலாளர் இடுப்பில் செருகிய ‘நைஃபே’ கத்தி அந்தத் தீவுகளுடையது.

இந்தச் சோதனைகள் முடியும்வரை அலகைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். துருவோடு கொல்லனின் சுத்தியல் தடமும் போய்விடும்.