பசுமைக் குடிலில் உரச் செலவைக் குறைக்க நுண்ணுயிர் உரம்: ராமநாதபுரம் கடலோரத்துப் புதியவர்களுக்கு

உச்சிப்புளிப் பக்கம் மணலைக் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வரும். அது நல்ல தண்ணீரா, உவரா என்பதுதான் கேள்வி. வெட்டவெளித் தோட்டமென்றால் ஐப்பசி, கார்த்திகை மழை உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிடும். பாலித்தீன் கூரை போட்ட குடிலுக்குள் அந்த மழை விழாது. டி.ஏ.பி., பொட்டாஷ் போன்ற ரசாயன உரங்கள் எல்லாம் உப்புகள்தான். செடி எடுத்தது போக மிச்சம் அங்கேயே தங்கி, ஒருநாள் இலை ஓரம் கருகத் தொடங்கும். அதனால்தான் நம் ஊர்க் குடிலுக்கு நுண்ணுயிர் உரம், அதாவது உயிருள்ள பாக்டீரியா கலந்த தூள், மற்ற ஊர்களைவிட அவசியம் என்கிறேன். 10 சென்ட் தக்காளியை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். தண்ணீரில் வரும் உப்பை எந்த பாக்டீரியாவும் எடுத்துவிடாது.

வாங்க வேண்டியவை மூன்று. அசோஸ்பைரில்லம் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடித்துக் கொடுக்கும். பாஸ்போபாக்டீரியா அமிலம் சுரந்து, சுண்ணாம்போடு கட்டிக்கொண்டு கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கரைக்கும். சூடோமோனாஸ் வேரழுகலைத் தடுக்கும். ரைசோபியம் வேண்டாம், அது பயறு வகைக்கு. 200 கிராம் பொட்டலத்தில் தேதியைப் பாருங்கள். நான் முதல்முறை வாங்கியது ஒரு கடையின் தகரக் கொட்டகையில் வெயிலில் வெந்துகொண்டிருந்த சரக்கு. தேதி சரியாகத்தான் இருந்தது, உள்ளே உயிர்தான் இல்லை.

விதை நேர்த்திக்கு ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்பது கணக்கு. சாயம் பூசிய வீரிய ஒட்டு விதையில் பெரும்பாலும் பூஞ்சாணக்கொல்லி இருக்கும். அப்படிப்பட்ட விதைக்கு நேர்த்தியை விட்டுவிட்டு நாற்றில் பார்த்துக்கொள்ளலாம்.

நாற்றின் வேரை நனைப்பதுதான் முக்கியமான வேலை. ஒரு அசோஸ்பைரில்லம் பொட்டலத்துக்கு 8 லிட்டர் தண்ணீர். குழாயில் வரும் காவிரித் தண்ணீர் என்றால் குளோரின் போக முதல்நாள் இரவே அகலமான பாத்திரத்தில் திறந்து வையுங்கள். அசோஸ்பைரில்லத்தைக் கரைத்தால் கரி கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கும், அடியில் படியும், அவ்வப்போது கலக்கிவிட வேண்டும். குழித்தட்டு நாற்றை நார்க்கழிவோடு அப்படியே எடுத்து, வேர்ப்பகுதி மட்டும் முங்கும்படி 15 முதல் 30 நிமிடம் வையுங்கள். வெயில் தாழ்ந்தபின் நட்டு, உடனே தண்ணீர் விடுங்கள்.

மண்ணுக்கும் கொஞ்சம் வேண்டும். மக்கிய தொழுவுரம் 25 கிலோவில் மூன்றிலும் ஒவ்வொரு பொட்டலம் கலந்து தண்ணீர் தெளியுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. நிழலில் ஈரச் சாக்குப் போட்டு ஒரு வாரம் மூடி வைத்து, அப்புறம் செடியோரம் போட்டு மண் அணையுங்கள். தூளைச் சொட்டுநீரில் விட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். அதற்குத் திரவ வகை இருக்கிறது.

சரி, ரசாயன உரத்தை எவ்வளவு குறைக்கலாம்? முதல் பருவத்தில் தழையிலும் மணியிலும் கால் பங்கு மட்டும். பொட்டாஷில் கை வைக்காதீர்கள். பாதிக்குப் பாதி வெட்டியவர்கள் காய் சிறுத்த பிறகு பாக்டீரியாவைத் திட்டுகிறார்கள். ரசாயன உரத்துக்கும் இதற்கும் ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். தாமிர மருந்தும் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகளும் நோய்க் கிருமியோடு இவற்றையும் சேர்த்துக் கொல்லும்.

ஒரு வரிசையை மட்டும் பழைய முறையிலேயே விடுங்கள். பூ விடும் சமயத்தில் இரண்டு பக்கமும் ஓரச் செடி ஒன்றைப் பிடுங்கி உதறிப் பாருங்கள். வேலை நடந்திருந்தால் சல்லிவேர் வெள்ளையாக அடர்ந்து, உதறினாலும் மணல் ஒட்டிக்கொண்டே இருக்கும். வேரில் வித்தியாசமே இல்லாமல் அடி இலையும் வெளுத்திருந்தால், குறைத்த கால் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த நடவுக்கு வேறு கடையில் பொட்டலம் வாங்குங்கள்.