ஊடகத்தில் எதைச் சேர்க்கிறோம்: ஆஸ்டியோகிளாஸ்ட் வளர்ப்போருக்கு

எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை முதன்முதலாக வளர்க்கும் மாணவர்கள் அவை உருவாகத் தூண்டும் ரேங்க்-எல் (RANKL) புரதத்தின் அளவில் காட்டும் கவனத்தை, செல்கள் வளரும் ஊட்டத் திரவமான ஊடகத்தில் காட்டுவதில்லை. தண்ணீர் மாறினால் அதே சாயம் வேறு நிறம் பிடிக்கும் என்பது திருப்பூர் சாயப்பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். செல் வளர்ப்பிலும் அதே கதைதான்.

சுண்டெலியின் தொடை எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த மேக்ரோஃபேஜ்களுக்கு (ஆஸ்டியோகிளாஸ்ட்களாக மாறக்கூடிய விழுங்கு செல்கள்) எம்-சிஎஸ்எஃப் (M-CSF) என்ற வளர்ச்சிக் காரணி, ரேங்க்-எல் இரண்டும் தேவை. மில்லி லிட்டருக்கு முறையே 30, 50 நானோகிராம் என்று தொடங்கலாம். ஆய்வகங்களில் தொடர்ந்து வளர்க்கப்படும் சுண்டெலி மேக்ரோஃபேஜ் வகையான ரா 264.7 (RAW 264.7) செல்களுக்கு ரேங்க்-எல் மட்டும் போதும்.

பெரிய தொல்லை ஊடகத்தில் சேர்க்கும் சீரத்தில், அதாவது இரத்தத்தின் தெளிநீரில்தான் இருக்கிறது. கன்றுக்கரு சீரத்தில் ஹார்மோன்களும் வளர்ச்சிக் காரணிகளும் தொகுதிக்குத் தொகுதி மாறுவதால், இரண்டு மூன்று தொகுதிகளை முன்கூட்டியே சோதித்து, நன்றாக வந்ததை ஆய்வு முழுமைக்கும் போதுமான அளவு வாங்கி உறையவைக்க வேண்டும். நான் ஒருமுறை பாதியில் வேறு தொகுதிப் புட்டியைத் திறந்துவிட்டேன்; ஐந்தாம் நாள் தட்டில் பெரிய பல்கரு செல்களைத் தேடினால், ஒற்றைக் கரு மேக்ரோஃபேஜ்களே நெருக்கமாகக் கிடந்தன.

அடிப்படை ஊடகமும் நடுநிலையானதல்ல. வழக்கமான ஆல்ஃபா-எம்இஎம் (α-MEM) ஊடகத்தில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஆஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி) உண்டு, டிஎம்இஎம் (DMEM) என்ற மற்றொரு ஊடகத்தில் இல்லை. ஆகவே இரண்டிலும் கிடைத்த எண்ணிக்கைகளை ஒரே அட்டவணையில் ஒப்பிடக் கூடாது. அந்த அமிலம் 37 டிகிரியில் விரைவில் சிதைவதால், ஊடகத்தை மாற்றும் நாட்களையும் குறித்துவையுங்கள்.

வைட்டமின் டி-யின் செயல்வடிவத்தைச் சேர்ப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எலும்பாக்கும் செல்களுடன் சேர்த்து வளர்க்கும்போது அது அவற்றை ரேங்க்-எல் உருவாக்கத் தூண்டியே வேலை செய்கிறது; ரேங்க்-எல்லை நேரடியாகக் கொடுக்கும் தனி வளர்ப்பில் அந்த வழி தேவைப்படுவதில்லை. எத்தனாலில் கரைத்த எதற்கும் அதே அளவு எத்தனால் மட்டும் சேர்த்த ஒப்பீட்டுக் குழி ஒன்று வளர்ப்புத் தட்டில் அவசியம். ரேங்க்-எல் இல்லாத குழியும் இருக்கட்டும்.

ஊடகம் மஞ்சளாகி அமிலத்தன்மை ஏறினால் முதிர்ந்த செல்களின் எலும்பரிப்பு தூண்டப்படும், பிஎச் 7.4-இல் அது பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். ஆகவே எலும்பில் விழும் அரிப்புப் பள்ளங்களின் பரப்பை வைத்துச் செல் உருவாக்கத்தைத் தீர்மானிக்காமல், ஆஸ்டியோகிளாஸ்ட்டின் நொதி ஒன்றைக் காட்டும் ட்ராப் (TRAP) சாயத்தில் சிவந்து, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கருக்கள் கொண்ட செல்களைத் தனியாக எண்ணுங்கள். எந்தக் குழியில் எதைச் சேர்த்தோம் என்று அறியாத ஒருவர் எண்ணுவதே நல்லது.