புது ஆங்கிலச் சொல்லை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

அர்த்தம் தெரியாத புது ஆங்கிலச் சொல் ஒன்று கண்ணில் பட்டால், உடனே அகராதிக்கு ஓடாமல் அதில் எங்கேயோ கத்தரி பட்டிருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். புதிதாகப் புழக்கத்துக்கு வருகிற சொற்களில் நிறைய, பழைய சொல்லை வெட்டியதாக இருக்கும், இல்லையென்றால் இரண்டை வெட்டி ஒட்டியதாக இருக்கும். வெட்டு விழுந்த இடம் தெரிந்தால் பாதி அர்த்தம் வந்துவிடும்.

வெட்டியது மட்டும் என்றால் வேலை சுலபம். பெரும்பாலும் தலை தங்கும், வால் போகும். லேபரட்டரி லேப் ஆனது, அப்ளிகேஷன் ஆப் ஆனது. சிலசமயம் தலைகீழாக நடக்கும், டெலிஃபோனில் ஃபோன் மட்டும் மிஞ்சியதைப் போல. இன்ஃப்ளூயன்ஸா பாவம், இரண்டு பக்கமும் போய் நடுவில் ஃப்ளூ மட்டும் நிற்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது பஸ். ஆம்னிபஸ் என்றால் லத்தீனில் 'எல்லோருக்கும்'; அதில் பஸ் என்பது வேற்றுமை உருபின் ஒரு துண்டு, அவ்வளவுதான். நாம் 'எல்லோருக்கும்' என்பதில் கடைசி 'க்கும்' மட்டும் எடுத்து ஒரு வண்டிக்குப் பெயர் வைத்த மாதிரி!

எந்த இடத்தில் வெட்டுவார்கள்? முதல் அசையோடு அடுத்து வரும் மெய்யொலியையும் சேர்த்து இழுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும்: ப்ரொஃபஸர், ப்ரொஃப். எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது, ஃபோட்டோ உயிரொலியிலேயே நின்றுவிடுகிறது. எழுத்தையும் நம்ப வேண்டாம், ரெஃப்ரிஜரேட்டர் என்ற சொல்லில் இல்லாத 'டி' (d) எழுத்து ஃப்ரிட்ஜில் உச்சரிப்புக்காக வந்து உட்கார்ந்திருக்கிறது. அப்புறம், வெட்டிய சொல் எல்லா இடத்துக்கும் ஏற்றதல்ல. பஸ், ஃபோன், எக்ஸாம் எல்லாம் எங்கேயும் எழுதலாம். ப்ரொஃப் என்பதை அலுவல் கடிதத்தில் போடாதீர்கள். இந்தத் தகுதி காலப்போக்கில் மாறும். நிலையில்லாத கூட்டத்தைக் குறித்த லத்தீன் 'மொபைலே வல்கஸ்' என்பதை மாப் (mob) என்று சுருக்கியதை 1710-இல் எழுத்தாளர் ஜோனாதன் ஸ்விஃப்ட் பத்திரிகையில் கண்டித்து எழுதினார். இன்றைக்கு மாப் சாதாரண ஆங்கிலச் சொல்.

சரி, ஒட்டுச் சொற்களுக்கு வருவோம், சுவாரசியமே இங்கேதான். இவற்றுக்கு போர்ட்மான்டோ என்று பெயர். இரண்டு பாதியாகத் திறக்கும் ஒரு வகைப் பெட்டியின் பெயர் அது. 1871-இல் வெளிவந்த கதை ஒன்றில் லூயிஸ் கரோல்தான் அதைச் சொற்களுக்கு வைத்தார்.

பிரிக்கும் வழி இதுதான்: முதல் சொல்லின் தலையும் இரண்டாவதின் வாலும் சேர்ந்திருக்கும். ப்ரெக்ஃபாஸ்டும் லஞ்சும் சேர்ந்து ப்ரஞ்ச். ஸ்மோக்கும் ஃபாகும் ஸ்மாக். 1905-இல் இதைப் பிரபலமாக்கியவர் டெ வூ என்ற மருத்துவர். பல சொற்களில் வால்தான் பொருளைச் சொல்லும், தலை அதற்கு அடைமொழி. பிரெக்ஸிட் ஒருவகை எக்ஸிட், பாட்காஸ்ட் ஒருவகை பிராட்காஸ்ட். அதனால் வாலைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு நல்ல தடயம் அசைக் கணக்கு: ஒட்டுச் சொல் பெரும்பாலும் வால் கொடுத்த சொல்லின் தாளத்திலேயே நடக்கும். லஞ்ச் ஓரசை, ப்ரஞ்சும் ஓரசை. என்டர்டெய்ன்மென்ட் நான்கு அசை, இன்ஃபோடெய்ன்மென்டும் நான்கு. தாளத்தை வாயால் தட்டிப் பாருங்கள், மூலச் சொல் தானாக நாக்குக்கு வரும்.

இரண்டு சொல்லுக்கும் பொதுவான ஒலி இருந்தால் ஒட்டு இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். 1925-இல் கலிஃபோர்னியாவில் பிறந்த மோட்டல் நல்ல உதாரணம்: மோட்டாரிலும் ஹோட்டலிலும் நடுவில் ஒரே ஒலி, தையல் தெரியவே இல்லை.

இந்த வழி உதவாத இடங்களும் உண்டு. மோடம், சிட்காம் போன்றவற்றில் வாலே கிடையாது, இரண்டு தலைகள்தான் ஒட்டியிருக்கின்றன: மாடுலேட்டர், டீமாடுலேட்டர், சிச்சுவேஷன், காமெடி. அடுத்தது, தப்பான இடத்தில் வெட்டுப்பட்டு அப்படியே நிலைத்துவிட்ட வால்கள். ஹாம்பர்கர் என்பது ஹாம்பர்க் நகரின் பெயரிலிருந்து வந்தது. அதை ஹாம், பர்கர் என்று பிரித்தார்கள், இன்று பர்கர் தனிச்சொல், எதற்குப் பின்னாலும் ஒட்டும். ஆல்கஹாலிக்கை வெட்டித்தான் வொர்க்கஹாலிக். அமெரிக்காவின் 1972 வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு 'கேட்' என்று முடிந்தால் ஊழலோ என்று பார்க்க வேண்டியிருக்கிறது, உண்மையில் வாட்டர்கேட் ஒரு கட்டட வளாகத்தின் பெயர்.

கடைசியாக, எல்லாவற்றையும் வெட்டப் போகாதீர்கள். :-) போன்ற குறியைச் சொல்லும் இமோட்டிகான் என்பது இமோஷனும் ஐகானும் சேர்ந்த ஒட்டுச் சொல். இமோஜி அப்படியல்ல, ஜப்பானியத்தில் 'எ' படம், 'மொஜி' எழுத்து. ஒலி ஒத்துப்போனது தற்செயல்.

நீங்களே ஒன்று உருவாக்க வேண்டுமா? பொருளைச் சொல்லும் சொல்லைப் பின்னால் வையுங்கள், அதன் அசைக் கணக்கைக் கெடுக்காதீர்கள், ஒலி ஒத்துப்போகும் இடத்தில் ஒட்டுங்கள். ஹங்ரியும் ஆங்ரியும் சேர்ந்த ஹாங்ரி அதனால்தான் ஒட்டியது. பிறகு விளக்கம் எதுவும் தராமல் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், அவருக்குப் புரியவில்லையென்றால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு இடத்தில் வெட்டுங்கள்.

ஒருமுறை பிரித்தும் பிடிபடவில்லையா? இன்னொரு முறை பிரியுங்கள், சில சொற்கள் இரண்டு தடவை வெட்டுப்பட்டவை. வலைப்பதிவுக்கு 1997-இல் வெப்லாக் என்று பெயர், 1999-இல் அது பிளாக் (blog) ஆனது. வெப்பில் எஞ்சியது ஒரே ஒரு 'ப்'. அப்புறம் வீடியோ வந்து சேர்ந்து வ்ளாக் ஆனபோது அந்த 'ப்'பும் போய், கப்பல் பயணக் குறிப்பேட்டைக் குறித்த பழைய 'லாக்' மட்டும் மிச்சம்.