வானுக்குள் சமையல், வாசலில் ஜெனரேற்றர்

மார்கழி விடுமுறைக்கு இலங்கையில் ஊருக்குப் போய், சமையலறை பொருத்திய வான் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கதிர்காமம் வரை சொந்தபந்தத்தோடு சுற்றலாம் என்று நினைப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். வானைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜெனரேற்றரை எங்கே வைப்பது என்று உறவினரோடு பேசி முடிப்பதுதான் வேலை.

கனடாவிலிருந்து கேத்தில், ரைஸ்குக்கர் எதையும் காவிக்கொண்டு போகாதீர்கள். இங்கே 120 வோல்ற், அங்கே 230. இங்கத்தைய சூடாக்கும் சாமானை அங்கே செருகினால் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வலு இழுத்துக் கருகிவிடும். போன் சார்ஜரில் 100–240 என்று எழுதியிருந்தால் பயமில்லை. லண்டன்காரருக்கு இந்தத் தலையிடியே கிடையாது, எப்போதும் போல.

2 கிலோவாற் என்று எழுதியிருக்கும் சின்ன ஜெனரேற்றர் தொடர்ந்து தருவது பெரும்பாலும் 1.6 அளவுதான். கேத்தில் ஒன்றே அதைத் தின்று தீர்த்துவிடும். தண்ணீர் கொதித்த பிறகு குக்கர், குக்கர் முடிந்த பிறகு கிரைண்டர் என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள். பிரிஜ் மோட்டார் தொடங்கும் கணத்தில் சில மடங்கு கூட இழுக்கும், அதற்கும் இடம் விடவேண்டும். நுவரெலியாவுக்கு ஏறினால், 1,868 மீற்றர் உயரத்தில் காற்று மெல்லிது. எஞ்சின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும்.

இனி மாமா.

திருகோணமலையில் இரவு தங்கினோம். வாடைக்காற்று மழை, விட்டு விட்டு அடித்தது. ஜெனரேற்றரை வானிலிருந்து ஆறு மீற்றராவது தள்ளி, புகைக்குழாய் மறுபக்கம் பார்க்க வைக்கவேண்டும் என்றேன். "நனையும் தம்பி. விடியக் களவும் போயிடும்" என்று அதைத் தூக்கிவந்து பின்கதவடியில், வானோடு சேர்ந்த சீலைக்கூரைக்குக் கீழே வைத்து இயக்கிவிட்டார். உள்ளே மாமி காஸ் அடுப்பில் நீத்துப்பெட்டியை ஏற்றியாயிற்று. சாரல் வருகுதென்று யன்னல் எல்லாம் பூட்டு.

புட்டு அவியுமுன்னே, எஞ்சின் புகையில் வரும் நச்சு வாயுவான காபன் மொனொக்சைட்டைக் காட்டும் அலாரம் கத்தத் தொடங்கியது. மாமா அதைக் கழற்றி, திருப்பிப் பார்த்து, நகத்தால் மூடியை நெம்பி, பற்றரி இரண்டையும் எடுத்துத் தன் ரோச் லைட்டுக்குள் போட்டுக்கொண்டார். "ஆவிக்குக் கத்துது. கண்டறியாத சாமான்." மாமிக்குத் தலையிடி. மச்சாளின் மகளுக்கு வயிற்றைப் பிரட்டியது. வான் ஓட்டம் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

பொல்லாத இடம் இதுதான். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தை அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலையிடி, சத்தி, சோர்வு எல்லாம் பயணக் களைப்பு மாதிரியே இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்கு வந்தால், வெளியே வந்ததும் குறைந்தால், அது களைப்பு இல்லை. எஞ்சினை நிறுத்தி எல்லோரையும் மழைக்குள் இறக்கினேன். அதன் பிறகும் தலை சுற்றினால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மழைக்குள் நின்றபடி மாமா கேட்டார்: "சண்டைக்குள்ள மண்ணெண்ணெயில எஞ்சின் ஓட்டினனாங்கள். ஜாம்போத்தல் விளக்கில உன்ர மச்சாளைப் படிப்பிச்சனான். நீ எங்க இருந்தனி?"

நான் ஸ்காபரோவில் இருந்தேன். சுவிச்சைப் போட்டால் வெளிச்சம் வந்த இடத்தில். இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும், ஜெனரேற்றருக்காக இல்லாவிட்டால் வேறு எதற்காவது. வாயைத் திறக்காதீர்கள். அவர் ஓட்டிய எஞ்சின்கள் கிணற்றடியில், வெட்டவெளியில் நின்றவை. புகை போக வானம் இருந்தது. அதை அடுத்த நாள், தேத்தண்ணி குடிக்கும்போது சொல்லுங்கள். களவுக்குச் சங்கிலியும் பூட்டும், மழைக்கு ஒரு தறப்பாளும் கையில் கொடுத்தேன். நாலு பக்கமும் திறந்தபடி, வானுக்கு எட்டத்தில் மாமாவே நாலு கம்பு நட்டுக் கூரை போட்டார். என்னைவிட நேராக நடுவார். தறப்பாள் கட்டிப் பழகிய கை.

அலாரம் ஊரில் தேடி அலையாமல் இங்கிருந்தே கொண்டுபோங்கள், மேலதிகப் பற்றரியோடு. அது சமையல் காஸ் கசிவைக் காட்டாது. சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது, தரையில் படுத்துக் கிடக்கும். ஆகவே வானின் தரைமட்டத்துத் துவாரத்தைச் சாக்கு வைத்து அடைக்க விடாதீர்கள். வான் ஓடும்போது சிலிண்டர் நிமிர்ந்து, கட்டி, வால்வு பூட்டியபடி இருக்கவேண்டும். ரெகுலேற்றரைச் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள், நெருப்புக்குச்சியால் அல்ல (அப்படிப் பார்ப்பவரும் எங்கள் குடும்பத்தில் உண்டு). பெற்றோல் விடுவதென்றால் எஞ்சின் ஆறிய பிறகு. நீட்டு வயரை உருளையில் சுற்றியபடி பாவிக்காதீர்கள், சூடேறி உருகும்.

திரும்பும் நாளில் மாமா கேட்டார், வீட்டுக்கு 5 கிலோவாற்றில் ஒன்று வாங்க முடியுமா என்று. 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. வாங்கிக் கொடுங்கள். ஆனால் இரண்டு பக்கமும் பிளக் பூட்டிய வயரால் சுவரில் செருகி வீடு முழுக்க எரியவைக்கும் வித்தை ஊரில் பலருக்குத் தெரியும். அந்தக் கரண்ட் மெயின் லைனுக்குத் திரும்பிப் போய், கம்பத்தில் வேலை செய்பவனைக் கொல்லும். மெயின் லைனைத் துண்டித்து வீட்டை ஜெனரேற்றருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிச் பூட்டவேண்டும். அதைப் பூட்டுகிற எலெக்ட்ரீசியனின் கூலியையும் ஜெனரேற்றர்க் காசோடு சேர்த்தே அனுப்புங்கள். தனியாக அனுப்பினால் அது கோயில் திருவிழாவுக்குப் போய்விடும்.