அப்பச்சோடாவைக் கையில் எடுக்குமுன்: பிள்ளைகளின் பல் கறையில் நாம் விடும் தவறுகள்

என் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தது வவுனியாவில். அவளுடைய மூத்த மகள் பத்து வயதில், தேயிலை மலைநாடான ஹட்டனில் எங்கள் வீட்டில் தங்கிப் படிக்க வந்தபோது, மேல்வரிசை முன்பல் இரண்டிலும் சுண்ணாம்பைத் தொட்டு இழுத்த மாதிரி குறுக்குக் கோடுகள், அதற்கு நடுவில் பழுப்பாக ஒரு திட்டு. ஸ்கூலில் முதல் கிழமையே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து போகிறவர்களும் சும்மா இருக்கவில்லை, "என்ன, பிள்ளை பல்லு விளக்குறதில்லையா?" என்று அவள் முன்னாலேயே கேட்டார்கள். பிள்ளை பிரஷ்ஷை எடுத்து முரசில் இரத்தம் வரும்வரை தேய்க்கத் தொடங்கினாள்.

இது அழுக்கு இல்லை. பல் முளைக்கும் முன்பே, தாடைக்குள் பல்லின் கடினமான வெளிப்பூச்சான எனாமல் உருவாகிக்கொண்டிருக்கும்போது, குடிக்கிற தண்ணீர் வழியாகவோ விழுங்குகிற பற்பசை வழியாகவோ அளவுக்கு மேல் புளோரைட் உடம்புக்குள் போனால் எனாமல் இறுகாமல் உள்ளுக்குள் நுண்துளைகளோடு நின்றுவிடும். அந்த இடம்தான் வெள்ளையாகத் தெரிகிறது. பழுப்பு நிறம் பிறகு வருவது: பல் வெளியே வந்த பின், அந்தத் துளைகளுக்குள் தேத்தண்ணியும் கறியும் மெல்ல மெல்ல இறங்கிச் சாயம் பிடிக்கும். ஆகவே எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஸ்கேலிங் செய்தாலும் போகாது, அது பல்லின் மேல் படிந்த காரையைத்தான் எடுக்கும்.

அடுத்த தவறு நான் செய்தது, ஒளிக்க ஒன்றுமில்லை. யாரோ சொன்னார்கள் என்று தேசிக்காய்ச் சாற்றில் அப்பச்சோடாவைக் குழைத்து, நுரை பொங்கப் பொங்க, மூன்று நாள் அவள் பல்லில் தேய்த்துவிட்டேன். நாலாம் நாள் குழாய்த் தண்ணீரைக் கொப்பளித்தபோது பிள்ளை துள்ளிவிட்டாள், அவ்வளவு கூச்சம். (மார்கழி மாதத்து ஹட்டன் தண்ணீர் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.) தேசிக்காய் அமிலம் எனாமலைக் கரைக்கும், ஏற்கனவே துளை விழுந்த எனாமல் என்றால் கேட்கவே வேண்டாம். கரித்தூள், அடுப்புச் சாம்பல், செங்கல் தூள், உப்பு எல்லாம் இதே வகைதான்: பல் கொஞ்ச நாள் பளிச்சென்று தெரியலாம், ஆனால் தேய்வது கறை இல்லை, பல். ஒருமுறை போன எனாமல் திரும்ப வளராது.

அப்புறம், பல்லில் வெள்ளையைக் கண்டவுடன் எல்லாமே புளோரைட் என்று முடிவு கட்டுவது. புளோரைட் கறை பெரும்பாலும் சோடி சோடியாக வரும், இடப்பக்கப் பல்லில் இருந்தால் வலப்பக்கத்து அதே பல்லிலும் ஏறக்குறைய அதே மாதிரி இருக்கும், கோடுகள் மேகம் கலைந்த மாதிரி ஓரம் தெரியாமல் கரைந்து நிற்கும். ஒரே ஒரு பல்லில் மட்டும் மஞ்சள் திட்டு என்றால், அந்தப் பிள்ளை சின்ன வயதில் விழுந்து பால்பல்லில் அடிபட்டதா, பால்பல் சீழ் பிடித்து இருந்ததா என்று யோசியுங்கள், கீழே உருவாகிக்கொண்டிருந்த நிரந்தரப் பல் அதனால் பாதிக்கப்பட்டிருக்கலாம். ஓரம் வெட்டினது போல் தெளிவான திட்டுகள் முன்பல்லிலும், ஆறு வயதில் முளைக்கிற கடைவாய்ப் பல்லிலும் சேர்ந்து வந்தால் அது வேறு குறைபாடு, அந்தக் கடைவாய்ப் பல் பொடிந்து சொத்தையாகும் முன் டாக்டரிடம் காட்ட வேண்டும். முரசு ஓரத்தில் பொலிவில்லாத வெள்ளை வளையம் என்றால் சொத்தை தொடங்குகிறது என்று அர்த்தம். அதை "புளோரைட் கூடிப்போச்சு" என்று நினைத்து பற்பசையை நிறுத்தினால் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றின கதைதான். இரும்புச்சத்து மருந்து குடிக்கிற பிள்ளைக்கு வரும் கறுப்புக் கறை மேலோட்டமானது, டாக்டர் சுத்தம் செய்தாலே போய்விடும்.

கறை எங்கே வந்தது என்று பார்க்காமல், இப்போது இருக்கும் ஊரைக் குறை சொல்வதும் ஒரு தவறு. "மலைநாட்டுத் தண்ணி பிள்ளைக்கு ஒத்துவரல" என்று தங்கச்சி வீட்டுக்காரர் போனில் சொன்னார். உண்மை நேர்மாறு. இங்கே மழை கூட, மண்ணில் உள்ள புளோரைட்டை மழை கழுவிக்கொண்டு போய்விடும், பீலித் தண்ணீரிலும் ஊற்றுத் தண்ணீரிலும் அது பொதுவாகக் குறைவு. வரண்ட வலயத்துக் கிணறுகளில்தான் கூடுதல்: அநுராதபுரம், பொலன்னறுவை, மொனராகலையின் சில பகுதிகள், வவுனியாவிலும் சில இடங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். ஆனால் வெயில் ஊரில் பிள்ளை குடிக்கிற தண்ணீரே கூட என்பதால், அதற்குக் குறைவான அளவும் அங்கே பல்லில் தெரியும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஆவியாகிறது தண்ணீர் மட்டும்தான், புளோரைட் பானையிலேயே தங்கி இன்னும் செறிவாகும்.

மேல்வரிசை நிரந்தர முன்பற்களின் எனாமல், பிள்ளை பிறந்து சில மாதத்தில் உருவாகத் தொடங்கி நாலைந்து வயதுக்குள் முடிந்துவிடும், அதிலும் ஒன்றே கால் வயதிலிருந்து இரண்டரை வயது வரைதான் மிக ஆபத்தான காலம். எட்டு வயது தாண்டினால் வெளியே தெரியும் பற்களுக்குப் புதிதாகக் கறை வராது. எங்கள் பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில்தான் பால்மா கரைத்திருக்கிறார்கள். தாய்ப்பாலில் புளோரைட் மிகக் குறைவு, தண்ணீரில் கரைக்கிற பால்மாவில் தண்ணீரில் உள்ளது முழுவதும் வரும்.

நம் பக்கத்துக்கென்று ஒரு பழக்கம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்: போத்தலில் பிளேன்டீ (பால் இல்லாத தேத்தண்ணி) ஊற்றிக் கைக்குழந்தைக்குக் கொடுப்பது. தேயிலைச் செடி மண்ணிலிருந்து புளோரைட்டை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும், கொழுந்தில் குறைவு, முற்றிய இலையில் மிக அதிகம். நாம் நல்ல கொழுந்தைப் பறித்துக் கொடுத்துவிட்டு வீட்டில் மட்டமான தூளைத்தான் குடிக்கிறோம் என்பது வேறு கதை. கைக்குழந்தைக்குத் தேத்தண்ணி வேண்டாம், அது இரும்புச்சத்தையும் உடம்பில் சேர விடாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு புளோரைட் பற்பசையையே வீட்டைவிட்டு விரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாம். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று துப்பவைத்தால் போதும். விளம்பரத்தில் காட்டுவது போல் பிரஷ் முழுவதும் பாம்பு மாதிரி நெளித்து வைப்பது கம்பனிக்குத்தான் லாபம்.

இனி சிகிச்சை. பணம் உள்ளவர்கள் செய்கிற பெரிய தவறு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நேரே வெனீர், அதாவது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய தகடு, கேட்பது. நாங்கள் முதலில் போன தனியார் இடத்திலும் ஆறு பல்லுக்கு வெனீர் என்று விலைப்பட்டியலையே நீட்டினார்கள், நல்லவேளை கையில் காசில்லை. பீங்கான் வெனீருக்குப் பெரும்பாலும் நல்ல எனாமலையும் கொஞ்சம் சீவ வேண்டும், சின்ன வயதில் பல்லுக்குள் இருக்கும் நரம்பறை பெரியது, முரசு மேலேறுவதும் இன்னும் முடிந்திருக்காது, இரண்டு மூன்று வருடத்தில் ஓரம் வெளியே தெரியும், பிறகு வாழ்நாள் முழுக்க மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பதின்வயது முடியும் வரை பொறுங்கள். இடையில் தேவை என்றால் கொம்போசிட் (பல் நிறத்தில் உள்ள ரெசின்) பூச்சு இருக்கிறது, அதைத் திருத்தலாம்.

வெறும் பிளீச்சிங்கும் ஏமாற்றும். சுற்றியுள்ள பல் வெளுத்தாலும் வெள்ளைத் திட்டு வெள்ளையாகவே நிற்கும், ஆரம்பத்தில் இன்னும் எடுப்பாகக்கூடத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பல் வெளுக்கும் மருந்துகளைப் பாவிக்க 2011இல் கொண்டுவந்த சட்டமே தடை போட்டிருக்கிறது. இங்கே கடையில் வாங்கி பிள்ளைக்கு நீங்களே போடாதீர்கள்.

எங்களுக்குக் கடைசியில் சரிவந்தது மைக்ரோஅப்ரேஷன். ஐதான ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நுண்ணிய தூளும் கலந்த பசையை வைத்து, ரப்பர் விரிப்பால் முரசை மறைத்துக்கொண்டு, மெதுவாகச் சுற்றும் கருவியால் தேய்ப்பார்கள். போவது ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர், அதனால் மேலோட்டமான பழுப்புக்கு நன்றாக வேலை செய்யும், ஆழமான வெள்ளைக்கு அவ்வளவு இல்லை. ஆழமானதற்கு, துளைகளுக்குள் பிசின் போன்ற ரெசினை ஊறவிட்டு அடைக்கும் ஐக்கான் என்ற முறை இருக்கிறது. வீட்டில் அமிலம் தேய்த்த எனக்கு இதைக் கேட்க வெட்கமாக இருந்தது, ஆனால் அங்கே அமிலம் எத்தனை விநாடி, எத்தனை தடவை என்று எண்ணிப் பார்க்கிறார்கள்.

சிகிச்சை முடிந்த அன்று பின்னேரம் நாங்கள் பஸ்ஸில் ஹட்டனுக்குத் திரும்பும்போது கினிகத்தேனை தாண்டியதும் பிள்ளை போனில் பல்லைப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள், முந்தியதைவிட வெள்ளையாகத் தெரிந்தது. நானும் பயந்துபோனேன். விசயம் என்னவென்றால், ரப்பர் விரிப்புக்குள் பல் எச்சில் படாமல் காய்ந்துவிடும், காய்ந்த எனாமலில் வெள்ளை கூடுதலாகத் தெரியும். எச்சில் ஊறி அடுத்த நாள் அடங்கிவிட்டது. ஆகவே அன்றைக்கே தீர்ப்புச் சொல்லாதீர்கள், சில நாள் விட்டுப் பாருங்கள்.

இரண்டு நாள் சாயம் பிடிக்கிற எதுவும் வேண்டாம் என்றார்கள். வெள்ளைச் சோறும் மஞ்சள் போடாத தேங்காய்ப்பால் சொதியும் கொடுத்தோம், தேத்தண்ணி இல்லாமல் அந்தக் குளிரில் பிள்ளை பட்ட பாடு தனி. முடிவில் பல்லின் மேல் புளோரைட் வார்னிஷ் பூசினதைக் கேட்டு என் அம்மா, "அதால வந்ததுக்கு அதையேவா பூசுறாங்க?" என்று கத்தினார். வெளியே வந்த பல்லின் மேல் பூசுவது கறையை உண்டாக்காது, பல்லை இறுக்கும்.

இன்னொன்று: உங்கள் கண்ணுக்குத் தெரிகிற கறை பிள்ளைக்குத் தொந்தரவா என்று கேட்டீர்களா? லேசான வெள்ளைக் கோடு என்றால் ஒன்றும் செய்யாமல் விடலாம், வருடம் போகப் போகக் கொஞ்சம் மங்குவதும் உண்டு. எங்கள் பிள்ளை போட்டோவில் வாயைப் பொத்துகிறாள் என்பதால்தான் போனோம்.

போகிறவர்கள் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையில் காட்டலாம், அரசாங்க இடம். போகும்போது எட்டு வயது வரை பிள்ளை எந்த ஊரில், எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தது, எத்தனை மாதத்தில் பால்மா தொடங்கினது, எந்தப் பல்லில் அடிபட்டது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அங்கே நின்று யோசித்தால் ஞாபகம் வராது. பகல் வெளிச்சத்தில், பல் ஈரமாக இருக்கும்போது ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். அந்த வீட்டில் சின்னப் பிள்ளை இன்னும் இருந்தால் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதிக்கக் கொடுங்கள். தங்கச்சியின் கடைசி மகனுக்கு இப்போது ஒன்றரை வயது, அவனுக்கு மட்டும் புளோரைட் நீங்க வடிகட்டின தண்ணீர் கேனில் வாங்குகிறார்கள்.