நாலாவது சீட்டும் லிஃப்ட்டுக்குள் இயர்போனும்

மும்பை பக்கத்து டோம்பிவிலியிலிருந்து லோக்கல் ரயிலில் வருகிறவர்களுக்கு நாலாவது சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் பலகையில் 'தோடா சர்கோ' (கொஞ்சம் நகருங்கள்) என்று ஓரத்தில் ஒண்டிக்கொள்வோம். போன வாரம் லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் ஒருத்தி அசையவே இல்லை. திமிர் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். நான் நகராத நாட்களும் உண்டு. அன்றைக்கெல்லாம் எனக்கு முட்டிவலி. எனக்கென்றால் முட்டி, அவளுக்கென்றால் திமிர்!

பிறரை எடைபோடுவதில் நாம் செய்யும் மூன்று தவறுகளில் முதலாவது இதுதான். பிறர் செய்வதற்குச் சூழ்நிலையை விட்டுவிட்டு குணத்தைக் காரணமாக்குகிறோம். 1977இல் உளவியலாளர் லீ ராஸ் இதை அடிப்படைப் பிழை என்றே குறித்தார். முத்திரை குத்துமுன் குணம் அல்லாத ஒரு காரணத்தையாவது தேடிப் பாருங்கள்.

'என் கண்ணால் பார்த்தேன்' என்று சத்தியம் செய்வது அடுத்தது. 1951இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மத் கல்லூரிகள் மோதிய முரட்டு ஃபுட்பால் ஆட்டத்தின் படத்தை இரு தரப்பு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். டார்ட்மத் அணி செய்த விதிமீறல்கள் பிரின்ஸ்டன்காரர்கள் கண்ணுக்குச் சராசரியாக 9.8, சொந்தக் கல்லூரிக்காரர்களுக்கு 4.3. எங்கள் சொசைட்டியில் பார்க்கிங் சண்டைக்கு சிசிடிவி பார்த்தபோதும் இதே கதைதான்.

எனக்கு அதிகம் உறுத்துவது மூன்றாவது: நாம் நினைப்பதே எதிராளியை அப்படி ஆக்கிவிடுகிறது என்பதை மறப்பது. 1977இல் உளவியலாளர் மார்க் ஸ்னைடரின் குழு ஆண்களைப் பெண்களோடு போனில் பேசவிட்டது. பேசுமுன் ஆண்களுக்கு ஒரு போட்டோ, பேசப்போகிறவள் இவள்தான் என்று. சிலருக்கு அழகி, சிலருக்கு அப்படி இல்லாதவள். போட்டோவில் இருந்தது பேசிய பெண்ணே அல்ல. அது அவளுக்குத் தெரியவும் தெரியாது. பிறகு பெண்ணின் குரலை மட்டும் வேறு சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். அழகி என்று நம்பியவனிடம் பேசியவள்தான் கலகலப்பாக ஒலித்தாள். அவன் குழைந்து பேசினான், அவளும் மலர்ந்தாள்.

எங்கள் மாடிக்கு மூன்று பேச்சுலர் பையன்கள் குடிவந்தார்கள். 'ராத்திரி கூத்தடிக்கும் பாரேன்' என்றார் எதிர்வீட்டு மாமி. லிஃப்ட்டில் யாரும் சிரிக்கவில்லை. அவர்களும் இயர்போனை மாட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். 'சொன்னேனே, மரியாதை தெரியாததுகள்' என்றார் மாமி. நானும் தலையாட்டினேன்.

நேற்று ஒருவனிடம் கேட்டுவைத்தேன், கீழே காய்கறி வண்டி வந்திருக்கிறதா என்று. இயர்போனைக் கழற்றினான். "வந்திருக்கு ஆன்ட்டி, மேத்தி, அதான் வெந்தயக்கீரை, பத்து ரூபாய்தான். எங்களுக்கு அதை ஆயத் தெரியாது."